தீர்மானம் பதினொன்று

அக்டோபர் இரண்டு, காலை பதினொன்று.
சமுதாயக்கூடத்தில் மின்விசிறி இரண்டு.
ஒன்று சுற்றுகிறது,
ஒன்று சத்தம் போடுகிறது.

கிராம சபைக்கு நூறு பேர் வேண்டும்.
வந்திருப்பது அறுபத்துநாலு.
டேங்க் ஆப்பரேட்டர் சேவுகன் சைக்கிளெடுத்துப் போய்
டீக்கடையிலும் கண்மாய்க் கரையிலும்
கிடைத்தவர்களைக் கூட்டி வந்தான்.
நூற்றியிரண்டாவது கையெழுத்து யாரோ வீட்டு மாப்பிள்ளை,
அசலூர்.
அடித்தேன். நூற்றியொன்று போதும்.

தீர்மானப் புத்தகத்தை நேற்று ராத்திரியே
பாதி எழுதி வைத்துவிட்டேன்.
ஒவ்வொரு பத்தியும் முடிகிற இடத்தில்
'ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது.'
இருபத்திரண்டு வருஷம் செயலர் உத்தியோகம்.
தூக்கத்தில் பேனா கொடுத்தாலும்
அந்தச் சொல்லைப் பிழையில்லாமல் எழுதுவேன்.

ஒன்று, வரவு செலவு.
இரண்டு, கொசு மருந்து.
மூன்று முதல் பத்து வரை
சுண்டல் எப்போது என்ற முகங்கள்.

பதினொன்றுக்குத்தான் கூடம் நிமிர்ந்தது.
வடக்கு வீதியில் முன்வாசல்,
அடுத்த தெருவில் பின்வாசல்,
நடுவே நாலு முற்றம்.
முற்றத்து மழையெல்லாம் பின்பக்கக் கல்தூம்பில் பாய்ந்து
பின்தெருவின் பதினேழு வீட்டுக்குள் நுழைகிறது.
நோட்டீஸ் கொடு என்கிறார்கள்.
யாருக்கு?
பங்குதாரர் நாற்பத்துமூன்று பேர்.
கோலாலம்பூரில் ஆறு, சென்னையில் பத்தொன்பது,
இடம் தெரியாதவர் பதினொன்று,
செத்த பிறகும் வீட்டு வரி ரசீதில் இருப்பவர் ஏழு.

"பூட்டுக்கு நோட்டீஸ் ஒட்டு" என்றது ஒரு குரல்.
"தூம்பை அடைச்சுப்புடு" என்றது இன்னொன்று.
தலைவர் அடைக்கம்மை என்னைப் பார்த்தார்.
நான் பேனாவைத் திறந்தேன்.

அப்போதுதான் ராக்கு எழுந்தாள்,
பின்தெரு, மூன்றாம் வீடு,
கொத்தனாருக்குக் கையாளாகப் போகிறவள்.
பேசவில்லை.
மஞ்சப்பையிலிருந்து எடுத்தாள்
மட்டம் பார்க்கும் டியூப், இருபதடி,
பாதி தண்ணீரோடு.

கூட்டம் தெருவுக்கு வந்துவிட்டது.
சுண்டல் வாளியும் வந்தது.
ஒரு முனை சேவுகன் கையில், கல்தூம்பின் வாயில்.
மறுமுனை ராக்கு கையில்,
பேவர் பிளாக் சாலையின் நடுவில்.
குமிழி போக விரலால் தட்டினாள்.
தண்ணீர் ஆடி, ஆடி, நின்றது.
"வாய்க்கா இங்கனதான் இருந்துச்சு.
அது மேல ரோட்டப் போட்டுட்டு
ஆளில்லாத வீட்டை வையிறீக."

யாரும் எதுவும் சொல்லவில்லை.
அந்தச் சாலை
நாலு வருஷம் முன்னே போட்டது.
ஒப்பந்தக்காரர் யாரென்று தெருவுக்கே தெரியும்,
அவர் மச்சான் சுண்டல் தின்றுகொண்டிருந்தார்.
'பணி திருப்திகரமாக முடிந்தது' என்ற
சான்றிதழ் எந்த ஃபைலில் இருக்கிறது என்று
எனக்கு மட்டும் தெரியும்.
அடியில் இரண்டு கையெழுத்து.
ஒன்று பழைய தலைவருடையது.
அன்றைக்கும் மழை இல்லை,
தெரு பார்க்க அழகாக இருந்தது,
சாயங்கால பஸ்ஸுக்கு நேரமாயிருந்தது.

கூடத்துக்குத் திரும்பினோம்.
சாலையைப் பெயர்க்க வேண்டும் என்று
கை தூக்கியவர்கள் ஐம்பத்தெட்டு.
மச்சான் தூக்கவில்லை,
அவர் பக்கத்தில் இருந்த வரிசையும்.
மீதிப் பேர் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.
செயலருக்கு ஓட்டு இல்லை.
இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று
இதை எழுதும்போதும் தெரியவில்லை.

நேற்று எழுதிய 'ஏகமனதாக'வின் மேல்
ஒரு கோடு இழுத்தேன்.
ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தேன்.
விதி அப்படி.
புதிதாய் எழுதியதைச் சத்தமாய் வாசித்தேன்:
"பின்தெரு சாலையை ஒன்பது அங்குலம் தாழ்த்தி,
புதைந்த வாய்க்காலைத் திறந்து,
ஐப்பசி பிறக்கும் முன்..."

"ஒம்பதரை" என்றாள் ராக்கு,
டியூப்பைச் சுருட்டிக்கொண்டே.

திருத்தினேன்.