நாற்பது கிலோ

பீடோர் செம்பனை ஆலையில்
லாரி நிறுப்பது என் வேலை.
நேற்று குலை கொட்டிவிட்டு
மழையில் நின்ற சன்னாசியின் லாரி
காலியாகவே நாற்பது கிலோ கூடக் காட்டியது.
ஏறிப் பார்த்தோம்.
தொட்டியடியில் கலங்கிய வானம்.

செல்லாத சீட்டு.
கிராணி கசக்கி எறிந்ததை
நீவி எடுத்துவந்தேன்.

பழைய பேரேட்டில், பற்று வரவுக் கோடுகள்மேலேயே
ஒட்டினேன்.
மைலோ பொட்டலத்தின் உள்வெள்ளி
கத்தரி பட்டதும் தூறலாயிற்று.
பஸ் டிக்கெட்டில் ஒரு குடை.
குடைக்குக் கீழே யாரை நிறுத்தலாம் என்று
யோசித்தே மணி ஒன்றாகிவிட்டது.
பசை காயட்டும்,
அந்தச் சதுரம் காலியாகவே கிடக்கட்டும்.

காலையில் ஆலை வாசலில்
"கன்னத்துல என்னமோ மினுக்குதே?"
என்றான் சன்னாசி.
"உன் லாரியோட மிச்சம்"
என்று சொல்லிவிட்டு
துடைக்காமலே
அடுத்த லாரியை மேடையேற்றினேன்.