ஒன்பதாவது கேள்வி

டுலூத்தில் ஏப்ரலிலும் பனி.
இரவெல்லாம் நகராட்சியின் பனிவாரி வண்டியை ஓட்டி
அடுத்தவர் தெருக்களைத் திறந்துவிட்டு
விடியலில் வீடு திரும்புகிறவள் நான்.
பதினேழு வருடத்தில் சேர்ந்தவை
முப்பத்தோராயிரம் டாலர்,
இடது முழங்காலில் ஒரு வலி.

வீடு மலைச்சரிவில் நிற்கிறது. இரண்டு தளம்.
கீழே நான், மேலே யாரோ.
அந்த யாரோ தரும் வாடகை
கடன் தவணையில் பாதியை அடைக்கும் என்று
காகிதத்தில் கணக்கு வந்தது.
காகிதத்துக்குக் கூரை ஒழுகுவதில்லை.

வட்டி ஏறினால் என்ன செய்வது என்று
வங்கியில் கேட்டேன்.
"இறங்கவும் இறங்கலாமே" என்று
பேனாவை நீட்டினாள் அந்தப் பெண்.

கூரை எத்தனை வருடம் தாங்கும் என்று
வீட்டைச் சோதிக்க வந்த ஹால்வரிடம் கேட்டேன்.
"அஞ்சு. இல்லாட்டி பத்து.
இல்லாட்டி வர்ற நவம்பர்."
டார்ச் அடித்துச் சுற்றிவந்தான்.
வெளிச்சம் பட்ட இடமெல்லாம்
நன்றாகத்தான் இருந்தது.

பணிமனையில் ரோலண்ட் மட்டும்
கேட்காமலே சொன்னான்:
"வாடகையில பாதி உன்னோடது இல்ல மார்லிஸ்,
பாய்லரோடது.
அது இன்னும் வாய் திறந்து கேக்கல, அவ்வளவுதான்."

பதினோராம் நாள் கேட்டது.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
நிலவறையின் கடைசிப் படியில் விட்டேன்.
ஆழம், கணுக்காலுக்கு மேல் நாலு விரல்.
விலை, ஆறாயிரத்து நானூறு.

பிறகு விளம்பரம் எழுதினேன்.
மேல்தளம், இரண்டு அறை,
ஜன்னலில் ஏரி தெரியும்.
கழுத்தை எவ்வளவு வளைக்க வேண்டும் என்பதை
எழுதவில்லை.

விண்ணப்பத்தாள் நூலகத்தில் கிடைத்த மாதிரி.
படித்துப் பார்க்காமல் இருபது பிரதி எடுத்தேன்.

முதலில் வந்தவனுக்கு மூன்று நாய்கள்,
நாலாவது வண்டியில் இருந்தது.
இன்னொருவன் ஆறு மாத வாடகையை
ரொக்கமாக மேசையில் வைத்தான்,
பெயரை மட்டும் வைக்க மாட்டேன் என்றான்.
ஒரு ஜோடி சமையலறையில் நின்று
மெல்லச் சண்டையிட்டு
நன்றி சொல்லிப் போனது.

வேனெட்டா டெஃபோ வந்தது ஞாயிறு மாலை.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவு வேலை.
ஷூவைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு
பென்சிலால் நிரப்ப ஆரம்பித்தாள்.
ஒன்பதாவதில் பென்சில் நின்றது.

"இதுக்கு உள்ளதைத்தான் எழுதணுமா?"

எட்டிப் பார்த்தேன்.
நீதிமன்ற உத்தரவால் எப்போதாவது
வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டதுண்டா?
ஆம். இல்லை. ஒன்றைச் சுழிக்கவும்.

பதினெட்டு வருடம் முன் ஒரு பிப்ரவரி.
நான்காம் தெரு நடைபாதையில் என் மெத்தை,
அதன்மேல் அவசரமில்லாமல் விழுந்த பனி.
தெருவை வாரிக்கொண்டு வந்த வண்டி
கரண்டியை உயர்த்தி
மெத்தையைச் சுற்றிக்கொண்டு போனது.
ஓட்டியது யார் என்று பணிமனையில்
ஒவ்வொருவராய் விசாரித்துவிட்டேன்.
எவருக்கும் நினைவில்லை.

என் வீட்டுத் தாளில்
என் கையால் எடுத்த பிரதியில்
அந்தக் கேள்வி.
நான் நிரப்பியிருந்தால்
நானே என்னைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

ரோலண்டின் குரல் காதில்:
"இரக்கம் வந்தா சர்ச் தட்டுல போடு,
சாவிக்கொத்துல போடாத."
அவன் சொன்னதில் இதுவரை
எதுவும் பொய்த்ததில்லை.

"உள்ளதை எழுதுங்க" என்றேன்.
ஆம் என்பதைச் சுழித்தாள்,
பென்சில் முனை ஒடியும் அளவுக்கு அழுத்தி.
பத்தாவதுக்கு என் பேனாவைக் கொடுத்தேன்.
பூனை, ஒன்று, வயசானது.

இப்போது மே மாதம்.
முதல் தேதி கதவடியில் ஓர் உறை,
தொள்ளாயிரத்து ஐம்பதில் எண்ணூற்றைம்பது.
மீதி வெள்ளிக்கிழமை என்று ஒரு சீட்டு,
அடியில் என் பேனாவும்.

இன்று புதன்.
மேலே குழாய் திறக்கும் சத்தம்.
நிலவறையில் புது பாய்லர்
கனைத்துக்கொண்டு எழுகிறது.
வெந்நீர் வாடகையில் சேர்த்தி என்று
ஒப்பந்தத்தில் நான்தான் எழுதினேன்.
நீளமாகக் குளிக்கிறாள்.
கணக்கு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு
கேட்டுக்கொண்டிருக்கிறேன்.