கால் மணி

நியூ பெட்ஃபோர்டில், மீன் வெட்டும் ஆலையில்
சம்பளப் பட்டியல் போடுகிறவள் நான்.
என் மேசைக்கு மீன் வராது, வாடை வரும்.

எங்கள் கடிகாரத்துக்குக் கால் மணிதான் தெரியும்.
ஆறு நாற்பத்தெட்டுக்கு அட்டையைத் தேய்த்தால்
ஏழு என்று எழுதிக்கொள்ளும்.
மூன்று நாற்பத்தொன்றுக்குக் கிளம்பினால்
மூன்றரைக்கே அனுப்பிவிட்டதாகச் சொல்லும்.
வரும்போது முன்னே தள்ளும்,
போகும்போது பின்னே இழுக்கும்.
ஒருநாள் தவறிக்கூடத்
தொழிலாளி பக்கம் சாய்ந்ததில்லை.

யாரும் திருடவில்லை.
பதினாலு வருடம் முன்பு அதை விற்க வந்தவன்
ஒரு பொத்தானை அழுத்திவிட்டுப் போனான்,
அவ்வளவுதான்.

பிப்ரவரியில், பனியில் மின்சாரம் போன ஒரு மதியம்
சும்மா இருக்க முடியாமல் பழைய அட்டைகளைக் கூட்டினேன்.
யூலாலியா இஷ்கோய்: நாளுக்கு இருபத்து மூன்று நிமிடம்.
வாரத்துக்கு நூற்றுப் பதினைந்து.
அவளுடைய நாற்பது மணி ஏற்கெனவே நிரம்பிவிட்டது;
ததும்பியதெல்லாம் ஒன்றரை மடங்கு கூலிக்கு உரியது.
பென்சில் முனை உடையும்வரை கூட்டினேன்.
பிறகு பேனாவால்.

முதலாளி ஒலாவோ ஃபுர்த்தாடோ கெட்டவரல்ல.
கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எளிது.
தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி அதே தாளைப் பார்த்தார்.
"நிடியா, இனி நிமிடக் கணக்கில் ஓட விடு.
சரியாகிவிடும்."
"கடிகாரம் எங்கே தொங்குகிறது, பார்த்தீர்களா?" என்றேன்.

வெட்டும் மேசைக்குப் பக்கத்தில்.
உடை மாற்றும் அறையைத் தாண்டி.
முழங்கால் பூட்ஸ், ரப்பர் ஏப்ரன், தலைக்கு வலை,
பருத்திக் கையுறை, அதன்மேல் எஃகுக் கையுறை,
இத்தனையும் அவர் போடச் சொன்னவை.
இத்தனையும் அவர் கணக்குக்கு வெளியே.

மறுநாள் அவரே போட்டுப் பார்த்தார்.
பெஞ்சின்மேல் கைபேசி, அதில் ஓடும் நொடிகள்.
இடது காலை வலது பூட்ஸில் விட்டார்.
காலை நுழைக்கவே கால் மணி ஆகும்போல இருந்தது.
ஏப்ரன் கயிறு முதுகுக்குப் பின்னால் எங்கோ.
யாரும் சிரிக்கவில்லை.
சிரிக்காமலிருக்க முப்பது பேர் பட்ட பாடு எனக்குத் தெரியும்.
பதினோரு நிமிடம்.
"பதினொன்றே போடு," என்றார், முகம் சிவந்து.

"ஆறு," என்றாள் யூலாலியா.
"போட ஆறு. கழற்றிக் கழுவ நாலு.
உங்கள் தடுமாற்றத்துக்கு எங்களுக்குக் கூலி வேண்டாம்."

மூன்று வருடக் கணக்கு, அறுபத்திரண்டு பேர்.
அதில் பத்தொன்பது பேர் இப்போது இங்கே இல்லை.
புதுக் குளிரறைக்கு ஒதுக்கிய பணம் போயிற்று.
பழையது இரவெல்லாம் உறுமுகிறது.
கடிகாரம் தெருக்கதவுக்கு வந்தது.
உள்சுவரில் நாலு திருகாணித் துளைகள்;
பூசி அடைக்க யாருக்கும் தோன்றவில்லை.

உறைகள் போயின. ஒன்று திரும்பியது.
பெர்னாபே ட்சோக், இந்த முகவரியில் இல்லை.
நானூற்றுப் பன்னிரண்டு டாலர், அறுபது சென்ட்.
அதைத் தனியே எடுத்துவைத்தோம்.
ஆள் போய்விட்டால் கடன் போய்விடுமா?

துணி துவைக்கும் கடையில் கேட்டேன்,
மெய்னுக்குப் போனான், ப்ளூபெர்ரி பறிக்க, என்றார்கள்.
தேவாலய வாசலில் கேட்டேன்,
தாயைப் பார்க்க ஊருக்கே போய்விட்டான், என்றார்கள்.
ஒருத்தி மட்டும் அவன் தங்கையின் எண் தருவதாகச் சொன்னாள்,
இன்னும் தரவில்லை.

திங்கட்கிழமை ஒலாவோ என் மேசையருகே நின்றார்.
"நேற்று தேவாலயத்துக்குப் போனாயாமே, அவனைத் தேடி."
"ஆமாம்."
"உன் அட்டையில் காணோமே."
"ஞாயிற்றுக்கிழமைதானே," என்றேன்.
அவர் போகவில்லை.
பேனாவை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

பத்து மணி ஐந்து நிமிடம் முதல்
பத்து மணி ஐம்பத்திரண்டு நிமிடம் வரை,
என்று எழுதினேன்.