கத்தரிப்பூ நிறம் வரும்வரை

முனீஸ்வரர் கோயில் மேள யந்திரத்தில்
ஒரு பல் உடைந்துவிட்டது.
சுண்டுவிரல் நகத்தளவு.
அதை நம்பித்தான்
இரண்டு முரசு, ஒரு சேகண்டி, ஐந்து மணி.

செயலாளர் மருதப்பிள்ளை
துண்டு இரண்டையும் டிஷ்யூவில் மடித்துக் கொண்டுவந்தார்,
திருநீறு போல.
பட்டர்வொர்த்தில் புது யந்திரமே வாங்கச் சொன்னார்களாம்,
மூவாயிரத்து இருநூறு வெள்ளி.
"வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா, தனபாக்கியம்?"

பாடாங் செராயில் என் பட்டறை என்பது
சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் இடம்.
குழாயடித் திண்டில் முடுக்கிய ஒரு பிடிகருவி,
ஒரு கேஸ் விளக்கு,
உள்ளே களிமண் பூசிய மைலோ டின்.
தேய்ந்த அரம் ஒன்றைச் சிவக்கச் சுட்டுச்
சாம்பலில் இரவெல்லாம் புதைத்து இளக்கினேன்.
காலையில் அறுத்து
அந்த அரத்தை வேறொரு அரத்தால் ராவினேன்.
அது ஒரு மாதிரி சத்தம்.
சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வது போல.

ஜன்னலை அடைத்தேன். இருட்டில்தான் நெருப்பு பொய் சொல்லாது.
கறுப்பு, ரத்தச் சிவப்பு,
பிறகு ரம்புத்தான் தோலின் சிவப்பு.
காந்தத்தை நீட்டினேன், ஒட்டவில்லை.
இன்னும் கொஞ்சம்.
இப்போது.
எண்ணெயில் விழுந்து ஒரே மூச்சில் கத்தியது.

எண்ணெய் வேறெங்கிருந்தும் வரவில்லை,
தெருமுனை ஆலையில் பிழிந்த செம்பனைதான்.
வேலிக்கு அப்பாலிருந்து கக் ரொகானி,
"கோரெங் ஆப்பா?"
என்ன பொரிக்கிறாய் என்று.
"பெசி" என்றேன். இரும்பு.
அவர் சிரிக்கவில்லை.
போன மாதமும் அதையேதான் பொரித்தேன்.

அரத்தை வைத்துப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு போனது.
கண்ணாடி மாதிரி கெட்டி.
கண்ணாடி மாதிரி என்றால் என்ன என்று
பதினெட்டு வருடம் டூல் ரூமில் நின்ற எனக்குத் தெரியாதா?
தெரியும்.
மணி பத்தரை. விடிந்தால் காலை ஷிப்ட்.
பதம் பார்க்காமல் பூட்டிவிட்டேன்.

வெள்ளி இரவு, தீபாராதனை.
முப்பத்தேழாவது அடியில்
டிக்.

முரசு இல்லை, மணி இல்லை.
ஆலையின் கொதிகலன் மூச்சு விடுவது கேட்டது.
கற்பூரத் தட்டு பாதி வட்டத்தில் நின்றது.
பூசாரி என்னைப் பார்த்தார்.
அரிவாளோடு நிற்பவரும் என்னைத்தான் பார்த்தார்.
லோரிக்கார அங்கமுத்து கைதட்ட ஆரம்பித்தார்.
எல்லாரும் தட்டினோம்.
நான்தான் உரக்க.

சனிக்கிழமை மழை.
மீண்டும் அறுத்தேன், ராவினேன், சுட்டேன், எண்ணெயில் விட்டேன்.
இந்த முறை மணல்தாளில் தேய்த்து
என் மூக்குத்தி தெரியும் அளவு பளபளப்பாக்கி
ஆற்று மணல் நிரப்பிய சட்டியில் கிடத்தி
சின்னத் தீயில் வைத்தேன்.
பக்கத்து அடுப்பில் பருப்பு. அதை மறந்தேன்.

நெடுநேரம் எதுவும் இல்லை.
பிறகு ஓரத்தில் வைக்கோல் மஞ்சள் ஒரு நூல்,
சவரக்கத்திக்கு அங்கேயே நிறுத்தலாம்.
பழுப்பு ஊர்ந்து வந்தது,
உளிக்குப் போதும்.
எனது பல் அடி வாங்கப் பிறந்தது. பொறு.
பழுப்பைத் துரத்திக்கொண்டு
கத்தரிப்பூ.
அதன் வாலில் நீலம் தலைகாட்டுவதற்குள்
குறட்டால் தூக்கித் தண்ணீரில் போட்டேன்.

பருப்பு தீய்ந்திருந்தது.

"இதில் மனுஷனுக்கும் பாடம் இருக்கம்மா" என்றார் மருதப்பிள்ளை,
"ரொம்ப விறைச்சா உடைஞ்சிடுவோம்."
இருக்கலாம்.
மனிதர் நிறம் மாறினால் எந்த நிறத்தில் தூக்குவது என்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.
நாற்பது வெள்ளி கேட்டேன்.
முப்பது தந்தார், ஒரு சீப்பு வாழைப்பழமும்.

அடுத்த வெள்ளி
எல்லாரும் கண்மூடிக் கும்பிட்டார்கள்.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
முப்பத்தாறு.
முப்பத்தேழு.

முப்பத்தெட்டு.

கைப்பையில், சில்லறைக்கு அடியில்,
அதே நிறத்தில் இன்னொன்று வைத்திருக்கிறேன்.