நிற்கிற இடம்

ஆறரை அடி அகலம், பதினோரு அடி நீளம்.
ரயில் பெட்டியில் கழிப்பறைக்குப் போகிற வழி மாதிரி
என்றான் தனசீலன்.
ஒரு முனையில் கதவு, மறு முனையில் ஜன்னல்.
ஜன்னல் வழியே கொணவட்டத்து வெயில்
ஏழு மணிக்கே உள்ளே வந்து
கேட்காமல் உட்கார்ந்துகொள்ளும்.

பிள்ளையின் கணக்கு நோட்டில் கோடு போட்டேன்.
இடது மேடை இருபத்துநாலு அங்குலம்:
அடுப்பு, கிரைண்டர்.
வலது மேடை பதினைந்துதான்:
சின்னத் தொட்டி, தட்டுகள்,
வெங்காயம் நறுக்க ஒரு முழம்.
மிச்சம் முப்பத்தொன்பது.
அதில்தான் நான், அவன்,
சரியாகக் குழம்பு கொதிக்கும்போது
குறுக்கே வந்து படுக்கிற பிள்ளை.

கதவு வைத்த அலமாரி வேண்டாம்,
திறந்தால் ஒருத்தர் வெளியே போகணும்.
இழுப்பறை போதும். அதுவும் எதிரெதிரே கூடாது,
இரண்டும் ஒரே நேரத்தில் நாக்கை நீட்டினால் சண்டை.

தரைக்கு என்ன என்றார் மேஸ்திரி பச்சையப்பன்.
தக்கை.
"இன்னாது?"
தக்கை. பாட்டில் வாயில் அடைக்கிறது.
"சுத்தி மலை கீற ஊரு.
கல்லு கொட்டிக் கெடக்குது.
நீ தண்ணில மெதக்கறதக் கொண்டாந்து
காலுக்குக் கீழ போடுன்றியே."

எப்படிச் சொல்வது அவருக்கு.
பதினோரு வருஷமாக ராணிப்பேட்டைக் கம்பெனியில்
ஷூவின் வயிற்றுக்குள் தக்கை நிரப்புகிறேன்.
தூளும் பசையும் பிசைந்த மாவு.
தோசைக்குள் மசால் வைக்கிற மாதிரி
கரண்டியால் வைத்து, தடவி, விளிம்பில் வழித்து.
மேலே அட்டை ஒட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது.
பனி விழுகிற ஏதோ ஊரில் ஒருத்தி
மாட்டிக்கொண்டு நடப்பாள்.
ஒரே மாதத்தில் அவள் குதிகாலை
அது மனப்பாடம் செய்துவிடும்.

நான் நிற்பது சிமெண்டில்.
எட்டரை மணி நேரம்.
பஸ் இறங்கி வீட்டுக்கு வந்தால் மொசைக்.

சீட்டு எடுத்த பணம், பெங்களூர் பார்சல்.
நடக்கிற இடத்துக்கு மட்டும், முப்பத்தாறு சதுர அடி.
ஃபிரிட்ஜுக்குக் கீழே யாருக்குக் கால் வலிக்கிறது?
வறுத்த ரவையில் கருகின கடுகு கலந்த நிறம்.
மூன்று கை வார்னிஷ்.
தொட்டியோரம் விரலால் நானே பசை அடைத்தேன்,
அந்த வேலைக்கு எனக்குச் சம்பளம் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நாத்தனார் மேரிவசந்தா வந்தாள்,
செருப்பைக் கழற்றாமல் எட்டிப் பார்த்தாள்,
கழற்றிவிட்டு இன்னொரு முறை வந்தாள்.
கைதவறி அவள் போட்ட கண்ணாடி டம்ளர்
"டொக்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு
முழுசாக உருண்டது.

காலை நாலரைக்கு முள்ளுக் கத்திரிக்காய் வதக்குகிறேன்.
பக்கத்து அறையில் இருவரும் தூங்குகிறார்கள்.
நான் நடப்பது எனக்கே கேட்பதில்லை.
சிலிண்டர் வைத்த பள்ளம்
ஞாயிற்றுக்கிழமைக்குள் மேலே வந்துவிட்டது.
என் முட்டியும் அப்படி வரும் என்று
நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஐப்பசியில் தொட்டிக் குழாய் கசிந்தது.
இரண்டு நாள் யாரும் கவனிக்கவில்லை.
ஓரத்து வில்லை ஒன்று அப்பளமாக உப்பிக்கொண்டது.
பச்சையப்பன் வந்து பார்த்தார்.
"சொன்னேனா?" என்று கேட்காமல் இருக்க
அவர் வாய் பட்ட பாடு.
புது வில்லை ஒட்டினார். நிறம் சேரவில்லை.
மற்றவை ஏற்கெனவே வெயில் குடித்தவை.

உப்பினதைத் தூக்கிப் போட மனசில்லை.
வெயிலில் காயவைத்து,
அம்மிக்கல்லை ஏற்றி நேராக்கி,
சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுபோனேன்.
மெஷினுக்கு முன்னால் கீழே போட்டு
ஏறி நின்றேன்.
ஒரு அடிக்கு ஒரு அடி.
இரண்டு காலும் அளவாக இருந்தது.

சூப்பர்வைசர் பார்த்தார்.
எதையோ எழுதப் போகிறவர் மாதிரி பேனாவைத் திறந்தார்,
மூடினார், அடுத்த வரிசைக்குப் போனார்.

மத்தியானம் குல்ஷாத் ஒரு காலை மட்டும்
கடனாக வைத்துப் பார்த்தாள்.
கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்:
"உங்க வூட்ல
இன்னொண்ணு எப்ப உப்பும்?"