மூன்று நிமிடம்

நூற்றைம்பது நாற்காலிகளில் ஒன்று எங்களுடையது.
கட்சிக்கூட்டம் என்றால்
ஹில்யே பூன்ஸ்ட்ரா கதவைச் சாத்திக்கொள்வார்.
உள்ளே அவர், நான், ஒரு காப்பிக் குவளை.

மேடையில் மூன்று நிமிடம்.
எரிவாயு உறிஞ்சிய நிலம் நடுங்கி
க்ரோனிங்கன் வீடுகள் பிளந்த கதையை
பதினோரு வருடம்
மூன்று மூன்று நிமிடமாகச் சொன்னார்.
அந்த நேரம் பார்த்து
பெரிய கட்சிகளுக்குப் பசித்தது.

ஒருமுறை கைப்பையிலிருந்து
தன் சமையலறைச் சுவரின் காரைத் துண்டை எடுத்து
மந்திரியின் மேஜையில் வைத்தார்.
தூசியை ஊதிவிட்டு
மந்திரி அடுத்த பக்கம் புரட்டினார்.

பிறகு அவருடைய திருத்தம் நிறைவேறியது,
வார்த்தைக்கு வார்த்தை அதே.
முன்மொழிந்த பெயர் மட்டும் வேறு:
போன மாதம் வந்த ஆளுங்கட்சி இளைஞன்.
ஹில்யேயும் கை தூக்கினார்.
லிஃப்ட்டில் சொன்னார்:
"ஒரு காற்புள்ளியைத் தப்பான இடத்தில் போட்டிருந்தேன்.
அதையும் விடவில்லை அவன்."

அடுத்த தேர்தலில்
நானூற்றுப் பன்னிரண்டு வாக்கு குறைந்து
நாற்காலி போனது.

தெருவெல்லாம் இழப்பீட்டில் புதுப்பூச்சு.
அவர் விண்ணப்பம் மட்டும் பரிசீலனையில்.
விரிசலை அளக்க
அவர் செருகிவைக்கும் ஐந்து சென்ட் காசு
இப்போதெல்லாம்
உள்ளே விழுந்துவிடுகிறதாம்.