ஒன்று முதல் ஐந்து வரை

ஒன்று என்றால் தெரியாது.
ஐந்து என்றால் பிறருக்கும் சொல்லித் தருவார்.
அடுத்த மாதம் வரப்போகும் திட்டமிடல் மென்பொருளுக்கு
இந்தத் தோட்ட ஆபீசில்
யாருக்கு எத்தனை நாள் பயிற்சி வேண்டுமென்று
படிவம் நிரப்ப அனுப்பினார்கள் என்னை.
பகாவ் பஸ் நிலையத்தில் இறங்கும்போதே மழை.
குடை பன்னிரண்டு வெள்ளி.
கணக்கில் காட்ட ரசீது தரவில்லை கடைக்காரர்.

முதலில் மரியதாஸ்,
வெளிக்காட்டு மண்டோர்.
மௌசைத் தொட மாட்டேன் என்கிறார்.
"நமக்கெதுக்குங்க இதெல்லாம்" என்று ஒரு சிரிப்பு.
ஒன்று போடப் போனேன்.
அப்போது என் பெயர் அட்டையை
கை நீட்டி, இன்னும் நீட்டி,
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.
அவருக்கு வேண்டியது கண்ணாடி.
கண்ணாடிக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

சம்பளக் கிராணி ரொஸ்லினா
கேட்டதற்கெல்லாம் ஐந்து என்றாள்.
திறந்து காட்டச் சொன்னேன்.
திரை கூட்டி முடித்த தொகையை
கால்குலேட்டரில் மறுபடி கூட்டினாள்.
போன வருடம் சிஸ்டம் தப்பாய்ப் போட்டு
பதினேழு பேருக்குச் சம்பளம் குறைந்ததாம்.
பதினேழு பேரும் வந்து நின்றது
கம்ப்யூட்டர் முன்னால் இல்லை,
அவள் முன்னால்.

ஸ்டோர் லோ லீவு.
அவர் கட்டம் காலி.

எடைமேடையில் சுகந்தா.
லாரிக்கும் லாரிக்கும் நடுவேதான் பேச முடிந்தது.
மேசை டிராயரில் ஒரு பள்ளிக்கூட நோட்டு:
இருபது மரத்துக்கு ஒரு மரம்,
உச்சியில் எத்தனை கருங்குலை என்று
மரியதாஸ் அண்ணாந்து எண்ணிச் சொல்ல
அவள் எழுதியது.
தூரத்துப் பார்வையில் அவருக்குப் பழுதில்லை.
மழை நாளைக் கழித்து, ஹரிராயா லீவைக் கழித்து
நாலு மாதம் முன்பே போட்டிருக்கிறாள்
போன மாதத்துக்கு ஆயிரத்து எண்ணூற்று நாற்பது டன்.
வந்தது ஆயிரத்து எண்ணூற்று அறுபத்திரண்டு.
மென்பொருள் செய்யப்போவதும் இதுதான்.
அதன் விலை எனக்குத் தெரியும்;
சொல்லவில்லை.

ஆனால் ஆபீசுக்கு அவள் கொடுத்த தாளில்
ஆயிரத்து அறுநூறு.
ஏன் என்றேன்.
லாரி ஏறி மேடை அதிர்ந்தது.
எண் நின்ற பிறகுதான் வாய் திறந்தாள்.
"உள்ளதச் சொன்னா அடுத்த வருசம்
அதுக்கு மேல கேப்பாங்க மேடம்.
குறைஞ்சா ஏச்சு.
குறைச்சுச் சொல்லி, கூட வந்துச்சுன்னா
கேக்கு வெட்டுவாங்க."

வெட்டிய படம் சுவரில் இருந்தது.
கத்தி மேனேஜர் ஹம்டான் கையில்.

அவரிடமும் கேட்டேன்.
கோபப்படுவார் என்று நினைத்தேன்.
கதவைச் சாத்திவிட்டு
தலைமையகத்துக்குத் தான் அனுப்பிய தாளை எடுத்து வைத்தார்.
ஆயிரத்து நானூற்று ஐம்பது.
"எனக்கும் ஏச்சு விழும், மிஸ்" என்று
ஒரு பெயரைச் சொன்னார்.
என் பயணப்படியில் கையெழுத்திட்டவர் பெயர்.

ராத்திரி ஹோட்டல் அறையில் லேப்டாப்.
சுகந்தா: ஐந்து. பயிற்சி தேவையில்லை.
அதை அழித்தேன்.
தேவையில்லை என்று எழுதினால்
அவள் பெயரே மேலே போகாது.
பயிற்சி தருபவர் என்று மாற்றினேன்.
ரொஸ்லினாவுக்கு: ஒரு மாதம்
பழைய கணக்கும் புதுக் கணக்கும் பக்கத்துப் பக்கத்தில் ஓடட்டும்.
மரியதாசுக்கு: பெரிய எழுத்து.

பிறகு அட்டவணையின் அடியில்
யாரும் கேட்காத ஒரு வரி சேர்த்தேன்.
பெயர். பதவி.
திறன்: உள்ள எண்ணைக் கேட்டுவிட்டு ஏசாமல் இருப்பது.
மதிப்பெண்: ஒன்று.
பயிற்சி நாட்கள்:

எதிர்க் கடையில் ரொட்டி மாவைக்
கல்லில் அடிக்கும் சத்தம்.
கர்சர் மினுங்கிக்கொண்டே இருந்தது.
ஒரு வருடம் ஆகும் என்றுதான் கணக்கு வந்தது.

அரை நாள் என்று போட்டேன்.